பாட்டோடு வரும் தரவு: ட்யூனர் டிரைவர் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பண்பலை நிலையம் ஒலியை மட்டும் அனுப்புவதில்லை. ஸ்டீரியோவுக்காக அனுப்பப்படும் 19 கிலோஹேர்ட்ஸ் வழிகாட்டி அலையின் மூன்று மடங்கில், அதாவது 57 கிலோஹேர்ட்ஸில், காதுக்குப் பிடிபடாத ஒரு மெல்லிய தரவு ஓடையையும் அது சேர்த்து அனுப்பலாம். நிலையத்தின் பெயர், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் விவரம், நேரம், வீதி நிலவரம், ஆபத்து அறிவிப்பு எல்லாம் அதில் வரக்கூடும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1984இல் இதன் வரையறையை வெளியிட்டது. ஆர்.டி.எஸ். (ரேடியோ டேட்டா சிஸ்டம்) என்பது அதன் பெயர். வாகன ரேடியோவின் சிறிய திரையில் அலைவரிசை எண்ணுக்குப் பதிலாக நிலையப் பெயர் தோன்றினால் அது இந்த ஓடையின் வேலைதான்.

அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் சில்லிலிருந்து அந்தப் பெயர் திரைக்கு வரும் வழியில் டிரைவர் என்ற மென்பொருள் அடுக்கு ஒன்று இருக்கிறது. சில்லின் மொழியை அறிந்தது அது மட்டுமே. மேலே ஓடும் செயலிகள் எல்லாம் அது கொடுப்பதை வைத்தே பிழைக்க வேண்டும். ஆகவே அது எந்த வடிவில் கொடுக்கிறது என்ற கேள்வி பெரிதாகிவிடுகிறது. பெயரையும் உரையையும் தானே கூட்டி முடித்துக் கொடுப்பதா, வந்த பிட்டுகளை வந்தபடியே கொடுப்பதா?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இலங்கை–ஜெர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. வவுனியாவுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. ஒற்றைப் பலகைக் கணினியும் விலை குறைந்த ட்யூனர் சில்லும் கையில் கிடைத்த மாணவர் ஒருவர் இந்தக் கேள்வியில் விரைவிலேயே முட்டிக்கொள்வார். பாடநூல் விடையோடு அவர் நின்றுவிட வேண்டியதில்லை. ஐரோப்பிய நகரச் சாலைகளை மனதில் வைத்துச் செய்த எண்ணங்கள் பல வன்னியில் பொருந்துவதில்லை. எது பொருந்தவில்லை என்று பார்த்தாலே டிரைவரின் எல்லை எங்கே இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் ஓடையின் உடற்கூறு. வேகம் நொடிக்கு 1187.5 பிட். 26 பிட் சேர்ந்தது ஒரு தொகுதி. அதில் 16 பிட் செய்தி, 10 பிட் சரிபார்ப்பு. நான்கு தொகுதிகள் ஒரு குழு. நொடிக்கு ஏறத்தாழ 11.4 குழுக்கள் வரும். முதல் தொகுதியில் எப்போதும் நிலையத்தின் அடையாள எண். இரண்டாவதில் இந்தக் குழு எந்த வகை, நிகழ்ச்சி எந்த வகை, போக்குவரத்து அறிவிப்பு தரும் நிலையமா என்பன. மிகுதி இரண்டிலும் பெரும்பாலும் உள்ளடக்கம். நிலையப் பெயருக்கு எட்டு எழுத்து. குழுவுக்கு இரண்டு எழுத்தாக நான்கு குழுக்களில் வந்து முடியும். ரேடியோ உரைக்கு 64 எழுத்து. குழுவுக்கு நான்காக 16 குழுக்கள் வேண்டும். நேரக்குழு நிமிடத்துக்கு ஒருமுறை.

லினக்ஸ் இயங்குதளத்தில் டிரைவரும் செயலியும் பேசிக்கொள்வதற்கான இடைமுகம் வீடியோ ஃபார் லினக்ஸ் 2 என்ற பகுதிக்குள் இருக்கிறது. ரேடியோவின் சாதனக் கோப்பைத் திறந்து வாசித்தால், தொகுதி ஒன்றுக்கு மூன்று பைட் கிடைக்கும். முதல் இரண்டில் 16 பிட் செய்தி. மூன்றாவது பைட் நிலைமைக் குறிப்பு: அடியிலுள்ள மூன்று பிட்டுகள் இது குழுவின் எத்தனையாவது தொகுதி என்று சொல்லும், அடுத்த மூன்று இன்று அதே எண்ணின் நகல், பயன்படுத்த வேண்டாமென்று ஆவணமே சொல்லிவிடுகிறது, அடுத்த பிட் 'பிழை இருந்தது, திருத்தப்பட்டது' என்றும், கடைசிப் பிட் 'திருத்த முடியவில்லை' என்றும் பொருள்படும். 10 பிட் சரிபார்ப்புச் சொல் செயலிக்கு வருவதில்லை. அதைச் சில்லு பார்த்து முடித்துவிட்டது என்பது ஏற்பாடு.

இன்னொரு வழியும் அதே இடைமுகத்தில் உண்டு. சில சில்லுகள் தம்முள்ளேயே எல்லாவற்றையும் பிரித்துப் பெயரையும் உரையையும் முழுச் சரமாகத் தருகின்றன. அவற்றிடம் மூல பிட்டுகளைக் கேட்டாலும் கிடைக்காது. அவற்றுக்காகப் பெயர், உரை, நிகழ்ச்சி வகை ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டுப்பாடுகளாக வாசிக்கும் ஏற்பாடு பின்னர் சேர்க்கப்பட்டது. எந்தச் சாதனம் எந்த வழி என்பதைத் திறன் குறியீடு சொல்லும். இது நியாயமான சமரசம். ஆனால் மூலத்தைத் தரக்கூடிய சில்லை வைத்துக்கொண்டு டிரைவரே சரமாக்கிக் கொடுக்கும் ஆசை பலருக்கு வருகிறது. 'செயலி எழுதுபவருக்கு எளிது' என்பார்கள். எளிதுதான், பிழையான பெயரை நம்பிக்கையோடு காட்டுவதற்கு.

திருத்தப்பட்டது என்றால் எவ்வளவு?

கொக்காவிலில் 174 மீட்டர் உயரமான கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. 1990இல் அழிந்ததன் இடத்தில் எழுந்தது அது. ஏ9 வீதியில் போகிறவருக்கு நெடுந்தூரம் கண்ணில் படும். அதனால் எல்லா நிலையமும் எல்லா இடத்திலும் தெளிவு என்று ஆகிவிடாது. பண்பலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகும் அலை. தொலைவும் காடும் சேர்ந்தால் ஒலி இரைச்சலோடு வரும். காது அந்த இரைச்சலைத் தாண்டிப் பாட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒலியைவிட மிகக் குறைந்த வலுவில் அனுப்பப்படும் தரவு ஓடை அதற்கு முன்பே தள்ளாடத் தொடங்கிவிடும்.

அந்த 10 சரிபார்ப்பு பிட்டுகளும் வெகு கெட்டிக்காரத்தனமாக அமைக்கப்பட்டவை. ஒரு தொகுதிக்குள் ஐந்து பிட் நீளத்துக்குள் நெருங்கி விழுந்த பிழை எதையும் அவற்றைக் கொண்டு திருத்தலாம். கேட்க நன்றாக இருக்கிறது. விலையைப் பார்ப்போம். வந்த தொகுதியைச் சரிபார்த்தால் மிஞ்சும் 10 பிட் விடையை மீதி என்போம்; அது 1024 விதமாக வரலாம். பிழையே இல்லையென்றால் ஒரு மீதி. ஒரு பிட் பிழை 26 இடங்களில் நேரலாம், அடுத்தடுத்த இரண்டு பிட் பிழை 25 இடங்களில். இரண்டு பிட் வரை மட்டும் திருத்துவதானால், ஏற்றுக்கொள்ளப்படும் மீதிகள் 52. ஐந்து பிட் வரை திருத்துவதானால் அந்த எண்ணிக்கை 368 ஆகிவிடும்.

நிலையமே இல்லாத இடத்தில் வெறும் இரைச்சலைச் சில்லுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. இரண்டு பிட்டோடு நிறுத்தினால் இரைச்சலில் 5 சதவீதம் 'நல்ல' தொகுதியாக வேடம் போடும். ஐந்து பிட் வரை திருத்தினால் 36 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! மூன்று பைட் வடிவத்தில் இரண்டுக்கும் ஒட்ட இருக்கும் முத்திரை ஒன்றே: 'திருத்தப்பட்டது'.

பரவலாகப் பயன்படும் எஸ்.ஐ.4703 என்ற ட்யூனர் சில்லு இந்த வேறுபாட்டை அறியும். ஒவ்வொரு தொகுதிக்கும் அது நான்கு தரம் தருகிறது: பிழையில்லை, ஒன்று இரண்டு பிழை திருத்தப்பட்டது, மூன்று முதல் ஐந்து திருத்தப்பட்டது, திருத்த முடியவில்லை. மூன்று பைட் வடிவத்தில் நான்கு தரத்துக்கு இடமில்லாததால், அந்தக் குடும்பத்துச் சில்லுகளுக்கான லினக்ஸ் டிரைவர் எங்கேயோ ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. வழக்கமாக அது மூன்று முதல் ஐந்து என்ற தரத்தைப் பழுதென்றே குறித்துவிடுகிறது. வேறு விதமாக வேண்டுமென்றால் டிரைவரை ஏற்றும்போது அமைப்பை மாற்றலாம்; மாற்றினால் அந்தக் கணினியிலுள்ள எல்லாச் செயலிக்கும் மாறும்.

கோடு போட்ட இடம் தவறென்று நான் சொல்லவில்லை. மேலே பார்த்த கணக்குப்படி அது விவேகமான இடம்தான். கோடு போடும் உரிமை டிரைவரிடம் இருப்பதே தவறு. வன்னிக் கமக்காரருக்கு இது நெல் விற்கும் நாளில் தெரிந்த கதை: மூடையின் ஈரப்பதம் எத்தனை என்று எண்ணாகச் சொன்னால் ஆலைக்காரரும் விதைநெல் வாங்குபவரும் தத்தம் முடிவை எடுப்பார்கள், 'காய்ந்தது', 'ஈரம்' என்ற இரண்டே சொல்லோடு மூடையை அனுப்பினால் யாரும் சரியாக விலை சொல்ல முடியாது.

நிலையப் பெயரைக் காட்டும் செயலிக்குச் சந்தேகமான தொகுதியும் பயன்படும். ஒரே எழுத்து சில நொடிக்குள் மூன்று நான்கு முறை அதே இடத்தில் வந்தால் அதை நம்பலாம். பெயர் தவறினாலும் யாருக்கும் கேடில்லை. ஆபத்து அறிவிப்பைப் பார்த்து ஒலிபெருக்கியை இயக்கும் செயலிக்குச் சிறு திருத்தம்கூட ஆகாது. பழுதில்லாத தொகுதிகள் அடுத்தடுத்து ஒரே செய்தியைச் சொன்னால்தான் அது அசைய வேண்டும். இரண்டு செயலியும் ஒரே டிரைவரிடமிருந்து வாசிக்கின்றன. யாருடைய தேவைக்கு டிரைவர் கோடு போடும்?

32 பைட்டுக்குள் கிளிநொச்சி

எட்டு எழுத்துப் பெயருக்கு ஆர்.டி.எஸ். வைத்த எழுத்து அட்டவணை இலத்தீன் எழுத்துகளை மையமாகக் கொண்டது. கிரேக்கம், சிரிலிக், அரபு, ஹீப்ரு ஆகியவற்றுக்குக் கூடுதல் அட்டவணைகள் வந்தன. தமிழுக்கு வரவில்லை, சிங்களத்துக்கும் வரவில்லை. எண்பதுகளில் ஐரோப்பாவுக்காகச் செய்த பொருளிடம் இதற்காகக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. விளைவு என்னவென்றால், தமிழ் நிலையம் ஒன்று அந்த எட்டு இடத்தில் தன் பெயரை ஆங்கில எழுத்தில்தான் போட முடியும்.

ஆர்.டி.எஸ்.ஸுக்கான தரநிலை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62106; அதன் புதிய வடிவத்தில் வழி திறந்திருக்கிறது. நீண்ட நிலையப் பெயர் என்று 32 பைட், பல மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யூ.டி.எஃப்-8 குறியீட்டில். மேம்பட்ட ரேடியோ உரை என்று 128 பைட். யூ.டி.எஃப்-8 வந்துவிட்டால் தமிழும் வந்துவிட்டது. ஆனால் கணக்குப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். உயிர்மெய்யில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு. புள்ளியும் ஒரு குறியீடு.

கிளிநொச்சி என்ற பெயரில் பத்துக் குறியீடுகள், 30 பைட். அப்பாடா, இரண்டு பைட் மிச்சம். வவுனியா 21, மாங்குளம் 27; கவலையில்லை. முல்லைத்தீவு 36 பைட். இடம் போதாது. புதுக்குடியிருப்புக்கு 54 வேண்டும். 128 பைட் உரையில் 42 குறியீடுகள் அடங்கும். ஒரு பாட்டின் முதலடியும் பாடியவர் பெயரும் நெருக்கிப் பிடித்தால் வரும்.

இனி இது டிரைவருக்கு எப்படித் தொடர்பு என்று பார்ப்போம். நீண்ட பெயர் குழுவுக்கு நான்கு பைட்டாக வருகிறது, எட்டுக் குழுக்களில். தமிழ்க் குறியீடு மூன்று பைட். ஆகவே முதல் குழுவில் 'க' முழுதாகவும் அதன் இகரக்குறியின் முதல் பைட்டும் வரும். குறியின் மிச்சம் இரண்டாவது குழுவில். 'கி' என்ற ஒற்றை எழுத்து மூன்று தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. நடுவில் ஒரு தொகுதி பழுதானால் இழப்பு இரண்டு பைட்டோடு நிற்காது. ஒரு எழுத்தே உடையும், சில இடங்களில் இரண்டு எழுத்து உடையும். எந்த இரண்டு பைட் பழுது என்று தெரிந்தால் செயலி அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து அந்த இடத்தை மட்டும் நிரப்பும், அல்லது அந்த எழுத்தை மறைத்து மற்றதைக் காட்டும். டிரைவர் சரமாக்கிக் கொடுத்திருந்தால் அந்த விவரம் எங்கோ தொலைந்திருக்கும்.

அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. கட்டுப்பாடுகள் வழியாகப் பெயர் தரும் இடைமுகத்தில் பெயரின் உச்ச நீளம் எட்டு. உரையின் உச்ச நீளம் 64. வரையறை எழுதியவர்களுக்கு அன்று அதுவே உண்மை. நீண்ட பெயர் வந்தபோது அந்த வழியில் அதற்கு இடமில்லை. மூன்று பைட் தொகுதி வழியில் வந்த டிரைவர் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. நீண்ட பெயர் என்ற ஒன்று உலகத்தில் இல்லாத காலத்தில் எழுதிய டிரைவர்கூட இன்று கிளிநொச்சியின் 30 பைட்டையும் பத்திரமாக மேலே அனுப்பும். பொருள் தெரியாமல் அனுப்பும், அதுதான் வேண்டியது. பொருளைப் பிரிக்கும் வேலைக்கென வீடியோ ஃபார் லினக்ஸ் கருவித்தொகுப்பிலேயே பயனர் பக்கத்து நூலகம் ஒன்று இருக்கிறது. அதைத் திருத்துவது லினக்ஸின் மையமான கெர்னலைத் திருத்துவதுபோல் அல்ல. மாணவர் ஒருவர் ஒரு மாலையில் திருத்திப் பார்த்துவிடலாம்.

நிகழ்ச்சி வகைக்கும் இதே பாடம். 0 முதல் 31 வரை எண்களாக வரும் அந்த வகைகளுக்கு ஐரோப்பியப் பட்டியல் ஒன்று, அமெரிக்கப் பட்டியல் வேறு. ஐரோப்பாவில் 16 என்றால் வானிலை. அமெரிக்காவில் 16 என்றால் ரிதம் அண்ட் புளூஸ் இசை. வானிலைக்கு அங்கே 29. எண்ணைச் சொல்லாக்கும் பொறுப்பை டிரைவர் ஏற்றுக்கொண்டு, அதை எழுதியவர் அமெரிக்கராகவும் இருந்துவிட்டால், மாரி மழை அறிவிப்பு நடக்கும்போது பரந்தனில் திரை ரிதம் அண்ட் புளூஸ் என்று காட்டும்.

அரை மணி நேரம்

நேரக்குழுவில் உலகப் பொது நேரமும், உள்ளூர் வேறுபாடும் தனித்தனியே வருகின்றன. வேறுபாட்டின் அலகு அரை மணி. இலங்கையின் 5:30 என்பது 11 அலகு. நேபாளத்தின் 5:45ஐ இந்த அமைப்பில் எழுதவே முடியாது. நாம் தப்பித்தோம்.

முழுதாகத் தப்பவில்லை என்பது வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். 1996 மே மாதத்தில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் மீண்டும் 5:30. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி இந்த மாற்றங்களை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தது. 2002இல் ஏ9 திறந்த பின் ஓமந்தையைக் கடந்தவர்கள் சோதனைச் சாவடியின் இரண்டு பக்கமும் இரண்டு நேரம் பார்த்தார்கள். அந்த நாளில் தெற்கிலிருந்து ஒலிபரப்பாகும் நிலையம் ஒன்று நேரக்குழுவில் 12 அலகு என்று அனுப்பியிருந்தால், அதை நம்பிக் கணினியின் கடிகாரத்தைத் திருத்தும் டிரைவர் கிளிநொச்சிப் பள்ளி மணியை அரை மணி முன்னதாகவே அடித்திருக்கும். நிலையம் பொய் சொல்லவில்லை. டிரைவரிலும் வழு இல்லை. அந்த ஊரில் எது நேரம் என்ற முடிவு ட்யூனருக்குள் எடுக்கக்கூடியது அல்ல, அவ்வளவுதான். பொது நேரத்தையும் வேறுபாட்டையும் பிரித்தபடியே மேலே அனுப்பினால் முடிவை அந்த ஊர்க்காரர் எடுப்பார்.

நேரத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இது இடைமுகத்தின் உண்மையான குறை. நேரக்குழு முடியும் கணத்துக்கும் நிமிடம் மாறும் கணத்துக்கும் இடைவெளி 0.1 நொடிக்குள் இருக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. இணையம் அறுந்த நாளில், தனக்கென மின்கலக் கடிகாரம் இல்லாத ஒற்றைப் பலகைக் கணினிக்கு அது பெரிய உதவி. ஆனால் டிரைவர் தொகுதிகளைப் பஃபர் என்ற தற்காலிகக் கிடங்கில் சேர்த்து வைக்கிறது. மேலே சொன்ன குடும்பத்து டிரைவர் வழக்கமாக 100 தொகுதிகளை வைத்துக்கொள்ளும், ஏறத்தாழ 2.2 நொடிக்கான தரவு. செயலி வாசிக்கும்போது இந்தத் தொகுதி இப்போது வந்ததா, இரண்டு நொடி முன்னர் வந்ததா என்று அறிய வழியில்லை. மூன்று பைட்டில் நேர முத்திரைக்கு இடமில்லை. நிலையம் 0.1 நொடிக்குப் பாடுபட்டு அனுப்பியதை நாம் இங்கே வைத்து இரண்டு நொடி மங்கலாக்குகிறோம்.

அலைவரிசையை மாற்றும்போதும் இதே குறை வேறு உருவில் வரும். பஃபரில் பழைய நிலையத்தின் தொகுதிகள் மிச்சமிருந்தால் இரண்டு நிலையப் பெயர்கள் கலந்து விசித்திரமான மூன்றாவது பெயர் பிறக்கும். அலைவரிசை மாறியதும் டிரைவர் பஃபரைக் காலி செய்வது அடிப்படை ஒழுக்கம். அதுவும் போதாத இடங்கள் உண்டு. மன்னார்க் கரையிலும் பூநகரிப் பக்கத்திலும் கடல்மேல் காற்று அடுக்குகள் சாதகமாக அமையும் நாள்களில் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து தமிழ்நாட்டு நிலையங்கள் வந்து இறங்கும். ஒரே அலைவரிசையில் இரண்டு கரை நிலையங்களும் இருந்தால், ட்யூனரை யாரும் தொடாமலேயே நிலையம் மாறும், திரும்பவும் மாறும். அலைவரிசைக்கு ஒரு பெயர் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் டிரைவர் அங்கே தோற்கும். ஒவ்வொரு குழுவின் முதல் தொகுதியிலும் வரும் அடையாள எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கும் செயலிக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல.

விழித்திருப்பதற்கும் விலை உண்டு

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் மின்கலம் வர அனுமதியில்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ரேடியோவுக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். மின்சாரம் எவ்வளவு செலவாகிறது என்பது அங்கே கை வலியாகத் தெரிந்தது. இன்று அதே இடத்தில் சூரியத் தகடும் சிறிய மின்கலமும் வைத்து ஒரு எச்சரிக்கைக் கருவி அமைப்பதானால், செயலி நொடிக்கு நூறு முறை 'வந்ததா, வந்ததா' என்று கேட்டுக்கொண்டிருப்பது வீண் செலவு. வாசிக்கும் அழைப்பு தரவு வரும்வரை செயலியை உறங்க வைக்க வேண்டும்; பல சாதனங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் செயலிக்கு 'இங்கே தரவு வந்துவிட்டது' என்று சொல்லும் வழியும் வேண்டும். லினக்ஸின் இடைமுகத்தில் இரண்டும் இருக்கின்றன. டிரைவர் எழுதுபவர், தரவு வந்ததும் சில்லு தானே கூப்பிடும் குறுக்கீட்டுக் கம்பியைப் பயன்படுத்தாமல் சோம்பேறித்தனமாகக் குறித்த இடைவெளியில் சில்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நன்மை பாதி போய்விடும்.

எச்சரிக்கை என்றதும் முல்லைத்தீவுக் கரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் நினைவுக்கு வராமல் போகாது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்த நாள்களும் அப்படித்தான். நிகழ்ச்சி வகை 31 என்பது ஆபத்து அறிவிப்பு. 30 அதன் ஒத்திகை. ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டியல்கள் இரண்டும் உடன்படும் சில எண்களுள் இவை அடங்கும். நிகழ்ச்சி வகை ஒவ்வொரு குழுவின் இரண்டாவது தொகுதியிலும் வருவதால் நொடிக்குப் பதினொரு முறை அதைப் பார்க்க முடியும். நிலையம் 31ஐ ஏற்றிய அரை நொடிக்குள் கருவி அலறலாம், நடுவில் யாரும் தாமதிக்காவிட்டால். பெயரும் உரையும் முழுதாகச் சேர்ந்த பிறகே செயலியை எழுப்புவேன் என்று டிரைவர் இருந்தால் உரையின் 16 குழுக்களுக்காகப் பல நொடிகள் காத்திருக்க நேரும். பஃபர் நிரம்பினால் எதைத் தள்ளுவது என்பதும் இங்கே முக்கியம். பழையதைத் தள்ளிப் புதியதை வைத்துக்கொள்ள வேண்டும். தள்ளியதைச் செயலிக்குச் சொல்லவும் வேண்டும். இன்றைய வடிவத்தில் அதற்கும் குறியில்லை.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றும் வடிவம் இது. தொகுதி ஒன்றுக்கு மூன்று பைட்டுக்குப் பதிலாகப் பெரிய பதிவு: 16 பிட் செய்தி, தொகுதி எண், நான்கு தரப் பிழை அளவு, சில்லிலிருந்து எடுத்த கணத்தின் நேர முத்திரை, அலைவரிசை மாறும்போதெல்லாம் ஒன்று கூடும் எண், இடையில் தொகுதிகள் தொலைந்தன என்ற குறி. புதிய தரநிலை 66.5, 71.25, 76 கிலோஹேர்ட்ஸ்களில் மேலும் மூன்று ஓடைகளை அனுமதிக்கிறது. இந்தத் தொகுதி எந்த ஓடையில் வந்தது என்று சொல்ல இரண்டு பிட் ஒதுக்க வேண்டும். அலைக்குள் இருக்கும் செய்தியைப் பற்றி ஒரு சொல்லும் இந்தப் பதிவில் இல்லை. அலை வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி மட்டுமே இருக்கிறது. டிரைவர் தவிர வேறு யாருக்கும் தெரியாதது அது ஒன்றுதான்.

மூன்றாவது பைட்டில் வீணாகக் கிடக்கும் மூன்று பிட்டுகளை இதற்குப் பயன்படுத்தலாமே என்று முதலில் தோன்றும். கூடாது. இன்று இருக்கும் டிரைவர்கள் அந்த இடத்தில் தொகுதி எண்ணின் நகலை எழுதுகின்றன. புதிய செயலி அதைப் பிழை அளவென்றோ ஓடை எண்ணென்றோ படித்துவிடும். வெளியிட்ட இடைமுகத்தின் பொருளை மாற்றிப் பயனர் செயலியை உடைப்பது லினக்ஸில் மன்னிக்கப்படாத குற்றம். மூன்று பைட் வடிவம் அப்படியே இருக்கட்டும். புதிய பதிவுக்குத் தனியாக ஒரு திறன் குறியீடு. செயலி தொடங்கும்போது அதைக் கேட்கும். டிரைவர் 'உண்டு' என்று சொன்னால் புதிய வடிவில் வாசிக்கும், இல்லையென்றால் பழைய மூன்று பைட்டை வாசித்து, தெரியாத விவரங்களைத் தெரியாதவை என்றே வைத்துக்கொள்ளும்.